மணலில் எழுதப் பழகிய தெரு

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர் ஊராக நின்று கடற்கரைவரை போன மீட்டர்கேஜ் பாதை. 1926இல் வந்தது, 1980களின் நடுவில் நின்றது. இப்போது அதே ஊர்கள் வழியாகப் பேருந்தில் போகிறோம். இருபுறமும் காவிரியின் கடைமடை வயல்கள். திருக்கடையூரில் பேருந்து பாதி காலியாகிவிடும். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் பட்டும் மாலையுமாக வருகிற குடும்பங்கள் அங்கே இறங்கிக்கொள்கின்றன. அவர்களில் பலர் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

நடுவில் தில்லையாடி வருகிறது. 1913இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாட்களிலேயே, 1914 பிப்ரவரியில், 16 வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் பூர்வீக ஊர் இது. வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். இந்த ஊர் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. ஆனாலும் காந்தி 1915இல் இந்தியா திரும்பிய சில மாதங்களிலேயே தேடிக்கொண்டு இங்கே வந்தார். தமிழர்கள் கடல் தாண்டிப் போய்ச் செய்த ஒன்றுக்காக அவர் வந்த ஊர் இது என்றால், கடல் தாண்டி வந்தவர்கள் செய்தவற்றுக்காக நாம் போகும் ஊர் தரங்கம்பாடி. இரண்டுக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர்தான்.

தரங்கம்பாடிக்குள் நுழையும்போது வெள்ளை வாசல் ஒன்று நம்மை வாங்கிக்கொள்கிறது. டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டிய நகர வாசல். அதைத் தாண்டினால் ராஜா வீதி. நேராக நடந்தால் கடல். அகலமான தெரு, உயரமான தூண் வைத்த வீடுகள், கூச்சல் இல்லை, கடைகளும் அதிகமில்லை. கடைத்தெரு வேண்டுமென்றால் பொறையாருக்குத்தான் போக வேண்டும். இங்கே சாப்பாடு தேடி அலைவதைவிட அங்கே சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

முதல் மாலையைக் கோட்டைக்குக் கொடுத்தோம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை. டேன்ஸ்போர்க் என்று பெயர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, ஓவே ஜெடே என்ற இளம் கடற்படைத் தலைவர் கட்டத் தொடங்கியது. ஜெடே கிளம்பியது தரங்கம்பாடிக்காக அல்ல. இலங்கையில் கண்டி அரசரோடு ஒப்பந்தம் போட்டு வணிகம் செய்யத்தான் அந்தக் கப்பல்கள் புறப்பட்டன. அது கைகூடவில்லை. அவருக்கு முன்னால் வந்த ஒரு கப்பல் காரைக்கால் அருகே போர்த்துகீசியரிடம் அடிபட்டு அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சை அரண்மனையை எட்டி, நாயக்கரிடம் பேசி வழி உண்டாக்கினார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் கொடுத்து ஒரு மீனவ ஊரையும் சுற்றியுள்ள நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் அனுப்பிய கடிதம் ஓலை வடிவத்தில் தங்கத் தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. இன்றும் அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தத் தகட்டை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோட்டை மேலிருந்து பார்க்க அழகு, கீழே இறங்கினால் இறுக்கம். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் தங்கினார்கள். கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை. மேலே உள்ள பெரிய கூடத்தின் வளைந்த கூரைப் பாரம் முழுவதையும் நடுவில் ஒற்றைத் தூண் தாங்குகிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது கொத்தனார்களின் நினைவு வந்தது. வரைபடம் ஐரோப்பியருடையதாக இருக்கலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கைகளும் இந்த மண்ணுடையவை. இப்போது கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான், ஆயுதம், நாணயம், பழைய பத்திரங்கள். கண்ணாடிப் பெட்டிகளை நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. எல்லோரும் மதில் மேல் ஏறிப் படம் எடுப்பதில் இருக்கிறார்கள்.

இந்தக் கோட்டையின் கதைகளில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது ஒரு காத்திருப்பின் கதை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் போர்களிலும் கடனிலும் சிக்கி இந்த ஊரை மறந்தேவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண மனிதர் பொறுப்பேற்று, உள்ளூர் மக்களின் துணையோடு, தஞ்சைப் படைகளின் நெருக்கடிக்கு நடுவே ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி 1669வரை கோட்டையைக் காத்தார். அந்த ஆண்டுதான் ஒரு டேனிஷ் கப்பல் வந்து சேர்ந்தது. இதே கோட்டைக்கு வேறொரு பக்கமும் உண்டு. மிளகும் துணியும் ஏறிய இந்தக் கரையிலிருந்து அந்த நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றி விற்கப்பட்டார்கள். கீழ்த்தளத்தின் இருட்டறைகளில் நிற்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியாது, நினைக்காமல் இருக்கவும் கூடாது. கோட்டையின் அழகைச் சொல்லும் கையேடுகள் இதையும் சொல்ல வேண்டும்.

1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கிருந்து ஆண்டார். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை, மாயூரத்துக்குப் போகும் முன் முன்சீப்பாக வேலை பார்த்த ஊர் இது. பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வணிகம் அங்கே போனது, தரங்கம்பாடி சுருங்கியது. பழைய வீடுகள் இத்தனை பிழைத்ததற்கு அந்தச் சுருக்கமும் ஒரு காரணம். பணம் புழங்கும் ஊரில் பழைய வீட்டை யார் விட்டுவைப்பார்கள்?

காலையில் மாசிலாமணிநாதர் கோயில். கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் சில நிமிடங்களில் வந்துவிடும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வணிகத்துறை இருந்தது, கோயில் இருந்தது, நிலக்கொடை தந்த கல்வெட்டு இருந்தது. தரங்கம்பாடி என்றாலே டேனிஷ் ஊர் என்று பேசுகிறவர்களை முதலில் இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கோயிலின் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய படங்களில் அலை வந்து மோதும் இடிந்த செங்கல் விமானத்தைப் பார்க்கலாம். இன்று நாம் கும்பிடுவது பின்னாளில் திருப்பணி செய்து எழுப்பியதை. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே பெரிய கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

கல் கொட்டினால் அந்த இடம் தப்பும், ஆனால் கரை தப்புமா என்பது வேறு கேள்வி. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. ஓரிடத்தில் கல்லையோ தடுப்பையோ போட்டு அந்த ஓட்டத்தை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். ஒரு ஊரைக் காக்கிற கல், பக்கத்து ஊரின் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டியபோது மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதனால்தான். தரங்கம்பாடியில் கடல் எடுத்துக்கொண்டவற்றின் பட்டியல் நீளமானது. கோட்டையின் கடலோர வெளிமதில் போனது. மிஷனரிகள் முதலில் கட்டிய ஆலயம் போனது. 2004 டிசம்பர் 26 காலை ஆட்களையே கொண்டுபோனது.

அந்த நாளைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. கரையோரம் வறுத்த மீன் விற்கும் அக்கா ஒருவர், நான் கற்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, “இதெல்லாம் அதுக்கப்புறம் போட்டது தம்பி” என்றார். அலை வந்தபோது அவர் பொறையார் சந்தையில் இருந்தாராம். “மீனு விக்கப் போனதால நான் இருக்கேன்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு சங்கரா மீன் துண்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, நன்றாக முறுகட்டும் என்று என்னைக் காத்திருக்கச் சொன்னார். சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கரையிலிருந்து தள்ளி உள்ளே வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடு பத்திரம்தான். ஆனால் கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலிலிருந்தே பார்த்து முடிவெடுக்கும் தொழில் இது. இப்போது அதற்காக நடந்து வர வேண்டியிருக்கிறது. அந்த அக்காவும் விடியும் முன் சைக்கிளில் வருகிறார்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் நிறைந்திருக்கிறது, மூச்சு நோய்க்கு நல்லது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள், ஆனால் அதை நம்பி ஆஸ்துமாக்காரர்களைக் கூட்டிவர வேண்டாம். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால் நமக்குக் காவல், மூக்கருகே வந்தால் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. கடற்கரைக்கே உரிய அந்த வாசனை பெரும்பாலும் பாசியும் நுண்ணுயிர்களும் விடும் கந்தகச் சேர்மத்தால் வருவது. தரங்கம்பாடிக் காற்று தூசியும் புகையும் இல்லாத சுத்தமான காற்று. அந்தப் பெருமை போதும்.

வெயில் ஏறியதும் தெருக்களுக்குள் போனோம். ராஜா வீதியில் இரண்டு ஆலயங்கள் கிட்டத்தட்ட எதிரெதிராக இருக்கின்றன. 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயம் ஒன்று. 1718இல் தமிழ் மக்களுக்காகக் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் மற்றொன்று. இரண்டாவதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முடியும் பெயரெழுத்தும் இருக்கின்றன. உள்ளே பீடத்தருகே, அதைக் கட்டிய பார்த்தலோமேயு சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆலயம் திறந்த சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்தார். 1733இல் இதே ஊரில்தான் ஆரோன் என்ற தமிழர், புராட்டஸ்டன்ட் சபையின் முதல் இந்தியப் போதகராக அருட்பொழிவு பெற்றார்.

சீகன்பால்க் ஜெர்மன்காரர். டேனிஷ் அரசர் அனுப்பி, நண்பர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார். கோட்டைத் தளபதிக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. பின்னொரு நாள் சண்டை முற்றி, நேற்று மாலை நாங்கள் பார்த்த அதே கோட்டையில் சீகன்பால்க்கை நான்கு மாதம் அடைத்தும் வைத்தார். அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்கவும் இல்லை. அதைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். என்னை இந்த ஊருக்கு இழுப்பது அவர் வந்து இறங்கியதற்குப் பிந்தைய சில மாதங்களில் நடந்த வேறொன்று.

தமிழ் கற்க அவர்களிடம் இலக்கணப் புத்தகமோ அகராதியோ இல்லை. ஊரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த முதிய வாத்தியார் ஒருவரைக் கேட்டார்கள். எழுபது வயதுக்காரர். அவர் தம் பிள்ளைகளோடு இவர்கள் வீட்டிலேயே வந்து பள்ளியை நடத்தினார். தரையில் மணல் பரப்பி, சிறுவர்கள் விரலால் அகரம் எழுத, அவர்கள் நடுவே இந்த இரண்டு ஐரோப்பியரும் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினார்கள். எழுத்து வந்தது, பொருள் புரியவில்லை. அதற்கு அழகப்பன் என்பவர் வந்தார். டேனிஷ் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்தவர், போர்த்துகீசு மொழி அறிந்தவர். சொல்லுக்குச் சொல் அவர் பொருள் சொன்னார். இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்க் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1708இல் தம்மிடம் இருந்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு. அச்சு நூலகமே இல்லாத காலத்தில் தமிழ் நூல்களுக்குப் போட்ட பட்டியல் அது.

சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்த அந்தக் காட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆட்சி செய்ய வந்தவர்கள் நிறைய பேர். மாணவனாக உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு. உட்கார்ந்ததால் அவர் மாறவும் செய்தார். தமிழரின் நீதி நூல்களில் கண்டதை வியந்து ஐரோப்பாவுக்கு எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய பெரிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த அவருடைய மிஷன் மேலவர்கள் அச்சிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல், சென்னையில்தான் அது வெளியானது. 1712க்கும் 1714க்கும் இடையில் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை அப்படியே ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார்கள். திருமணம், சாதி, வழிபாடு, மருத்துவம் எல்லாவற்றையும் பற்றித் தமிழர்கள் தங்கள் வாயால் சொன்னது. அவை ஹாலேயில் அச்சேறின. அந்தப் பதில்களில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவர் அழகப்பன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அச்சு வந்த கதை தனி. லண்டனிலிருந்து ஒரு சங்கம் அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பியது. கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்க வேண்டியிருந்தது. இயந்திரத்தோடு வந்த அச்சுக்காரர் வழியிலேயே நோயில் இறந்தார். 1712இல் இயந்திரம் மட்டும் கரை இறங்கியது. கோட்டைச் சிப்பாய்களுக்குள் அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து வேலை தொடங்கினார்கள். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு என்ன செய்வது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயத் தகடுகளை உருக்கினார்கள். 1714இல் நற்செய்தி நூல்கள், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும். தமிழில் அச்சு இதற்கு முன்பே உண்டு. ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. ஆனால் அந்த முயற்சி தொடரவில்லை. தரங்கம்பாடியில் தொடங்கியது நிற்காமல் ஓடியது.

சீகன்பால்க் வாழ்ந்த வீட்டை ஹாலேயின் பிராங்கே அறக்கட்டளை பழுது பார்த்து, 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்க உதவியது. கோட்டையைவிட இங்கே அதிக நேரம் இருங்கள் என்று யாரிடமும் சொல்வேன். பழைய முறை அச்சு இயந்திரம், எழுத்துகள், பக்கங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். தனித்தனி எழுத்துகளைக் கோத்து வரி ஆக்குவதை ஒருவர் விளக்க, ஒரு சிறுமி, “கொம்பு தனியா, எழுத்து தனியா சார்?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் தமிழ் அச்சின் சிரமம் முழுவதும் இருக்கிறது. இருபத்தாறு எழுத்து வார்த்தால் முடியும் வேலையல்ல தமிழ். எத்தனை உயிர்மெய், எத்தனை கொம்பு, எத்தனை கால்!

அன்று பிற்பகல் பொறையாரில் கடுதாசிப்பட்டறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனோம். ஐரோப்பாவிலிருந்து வரும் காகிதம் போதாமல், அந்தச் சிறிய எழுத்துகளை வார்த்த ஆட்லர் என்பவர் இங்கே காகித ஆலை ஒன்றையும் அமைத்தார். ஆலை நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஆட்டோக்காரருக்குப் பெயர் தெரிந்திருந்தது, காரணம் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, “நம்மூர்லயா சார்?” என்று திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தரங்கம்பாடியில் சீகன்பால்க்குக்குச் சிலை இருக்கிறது, அவர் கரையிறங்கிய இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வேண்டியதுதான். அந்த எழுபது வயது வாத்தியாருக்கு மட்டும் தெருவில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. அவர் பெயர் ஊரில் எவர் வாயிலும் இல்லை. அந்நியரைத் தம் பிள்ளைகளோடு உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுக்கத் துணிந்தவர் அவர். சாதியும் ஆசாரமும் கெட்டியாக இருந்த 1706இல் அது சிறிய துணிவல்ல. அவரும் அழகப்பனும் இல்லையென்றால் ஏட்டுப் பட்டியலும் இல்லை, கடிதங்களும் இல்லை, பாலாடை ஈயத்தில் வார்த்த எழுத்துக்கு வேலையும் இல்லை. பேரூராட்சியோ, தொல்லியல் துறையோ, அந்த அருங்காட்சியகமோ, யார் செய்தாலும் சரி. அந்தப் பள்ளி நடந்த வீட்டு வாசலில் இரண்டு வரியில் தமிழில் ஒரு கல் வைக்கலாம். அழகப்பன் பெயரை அதில் எழுதலாம், வாத்தியாரை வாத்தியார் என்றே எழுதலாம்.